ஹேவ்லாக்கில் எடுத்த மீசை

என் வீட்டுக்காரருடைய மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு என் நாத்தனார் கடலுக்குள் போய் வந்ததைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

அவர் பெயர் முருகானந்தம். கல்கத்தா கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் ஃபோர்மேன். எத்தனையோ கப்பலுக்கு அடிவயிற்றில் சாயம் பூசி அனுப்பியவர், தான் மட்டும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மீசைக்கார மதராசி வீடு என்றால் ரிக்‌ஷாக்காரன் நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவான். காலையில் எத்தனை அவசரமானாலும் அதற்கு எண்ணெய் தொட்டு, சின்னச் சீப்பால் வாரி, நுனியை முறுக்கிவிட்டுத்தான் காபியைத் தொடுவார். அந்த நேரத்தில் வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாலும் "இரு, வந்துட்டேன்" என்பார்.

எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மீசை ஒரே ஒரு தடவைதான் போயிருந்தது. 1991இல் என் மாமனார் இறந்தபோது. எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில், பெற்றவர்களுக்குக் கொள்ளி வைக்கிறவன் தலைமுடியோடு மீசையையும் எடுத்துவிடுவான். மற்றபடி எதற்காகவும் எடுக்க மாட்டான். கல்கத்தாவுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி என் நாத்தனார். பெயர் தமயந்தி, என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது வங்காளியில். அதனால் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்குத் தமிழ் உதடு புரியாது, வங்காளி உதடுதான் புரியும். என் மாமியார் சௌந்தரம் அதற்காகவே பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து வங்காளி கற்றுக்கொண்டவர். நான் கல்யாணமாகி வந்தபோது 'ஜல்' என்றால் தண்ணீர் என்பதுகூடத் தெரியாது. என் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, உதட்டைச் சரிசெய்து சரிசெய்து, எனக்கு வங்காளி கற்றுக்கொடுத்தவள் தமயந்திதான். காதால் கேட்காத ஒருத்தி கற்றுக்கொடுத்த வங்காளியில்தான் இன்றுவரை நான் மீன்காரியோடு பேரம் பேசுகிறேன்.

இதில் பாதிப் பேச்சு கையால். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஒரு கைப்பெயர் வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு மூக்குத்தியைத் தொடுவாள். அண்ணனுக்கு மீசையை முறுக்குவாள். எனக்கு வைத்த பெயர், நாலு விரலையும் கட்டைவிரலோடு படபடவென்று தட்டுவது. வாய் ஓயாதவள் என்று அர்த்தம். என்ன செய்ய, பொய்யில்லை.

மாமனார் இறந்தபோது தமயந்தி ஊரில் இல்லை. படித்த பள்ளிக்கூடத்திலேயே டிராயிங் டீச்சராகி, பிள்ளைகளைப் பூரிக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தாள். செய்தி போய்ச் சேரவில்லை. காரியத்தை முடித்துவிட்டு, அவளைக் கூட்டிவர இவர் ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனார். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ரயில் வாசலில் நின்று அண்ணனைத் தேடியவள், மீசையில்லாத அந்த முகத்தைப் பார்த்தாள். இறங்கி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி 2003க்கு வருகிறேன். அந்த வருஷம் எல்.டி.சி., அதாவது ஊருக்குப் போய்வர ஆபீசில் தருகிற பயணச் செலவு, எடுக்காவிட்டால் வீணாகிவிடும். எல்.டி.சி. என்றால் எங்கள் வீட்டில் விருதுநகர், திருச்செந்தூர், கன்னியாகுமரி. மாற்றிப் போட்டால் கன்னியாகுமரி, திருச்செந்தூர், விருதுநகர். அந்தத் தடவை தமயந்தி ஒரு வங்காளிப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அந்தமானில் ஹேவ்லாக் தீவு. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஒரு பெண் பவழப் பாறை நடுவே மிதக்கிறாள். தமயந்தி அந்தப் பெண்ணைத் தொட்டுக் காட்டி, பிறகு தன்னைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான்.

அவள் கேட்டதில் அதிசயமும் இல்லை. லேக் கார்டன்ஸ் பக்கம் ரவீந்திர சரோவர் ஏரிக்கரை நீச்சல் கிளப்பில் அவளுக்கு ஈடான பெண் கிடையாது. காது கேளாதோர் போட்டிகளில் வாங்கிய மெடல்களை அவள் அலமாரியில் மாட்டக்கூட மாட்டாள், சமையல் டிராயரில் கரண்டிகளோடு கிடக்கும். அவள் ஏரியில் நீந்துவதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பதே எனக்கு ஒரு சுகம். தண்ணீர் அவளுக்கு வழிவிட்டுக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

அவர் படத்தைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"அந்தமானுக்குப் போவோம். கப்பல்ல போவோம், நானும் கப்பல்ல போனதில்ல. ஆனா முங்குறது கிங்குறது எல்லாம் கிடையாது."

"ஏன் கிடையாது?" என்றேன்.

"கடலுக்கு அடியில கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது."

"அடியில யாருக்குத்தாங்க கேக்கும்?"

எனக்குத் தெரியும், அது வாதம் பண்ணித் தீருகிற விஷயமில்லை. சிறு வயதில் கிதிர்பூர் முனையில் டிராம் மணியடித்துக்கொண்டே வந்திருக்கிறது, தமயந்தி தண்டவாளத்தில் நின்று கீழே எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். இவர்தான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அன்றைக்குப் பிடித்த மணிக்கட்டை அவளுக்கு நாற்பது வயது நெருங்கும்வரை விடவில்லை. தெருவைக் கடந்தால் பிடிப்பார், பஸ் ஏறினால் பிடிப்பார், காளிகாட் கோயில் கூட்டத்தில் பிடிப்பார். அவளும் பேசாமல் கையைக் கொடுப்பாள். பாசம்தான். ஆனால் அவ்வளவு பெரிய பெண்ணின் கையைத் தெருவில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தமயந்தி சண்டை போடவில்லை. தானே போய் ஒரு காது டாக்டரைப் பார்த்து, காதுத் திரை நன்றாக இருக்கிறது, முங்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு துணிமணியை அடுக்கினாள். மாமியாரை எங்கள் மகள் அனுராதாவிடம் ஒப்படைத்தோம். குளிர்காலத்தில் மாமியாருக்கு இழுப்பு வரும், அந்தக் கவலை எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க, நான் எங்க போயிடப் போறேன்" என்று அவர்தான் விரட்டினார்.

கிதிர்பூர் துறைமுகத்திலிருந்து கப்பல். ஹூக்ளி ஆற்றில் திரும்பி, கார்டன் ரீச் தொழிற்சாலையைக் கடந்து போகும்போது இவர் மேல்தளத்தில் நின்று, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் கையை ஆட்டினார். கடலுக்குள் நுழைந்ததும் படுத்தவர்தான். போர்ட் பிளேர் வரை எழுந்திருக்கவில்லை. கப்பல் கட்டுகிறவர் இப்படிப் படுத்துக் கிடப்பதைப் பார்த்துத் தமயந்தி சிரித்துச் சிரித்து, அவருக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தாள்.

அங்கிருந்து ஹேவ்லாக்குக்குச் சின்னக் கப்பல். இறங்கியதும் எனக்கு வாயடைத்துவிட்டது, எனக்கே. கடல் அப்படி ஒரு நிறத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இன்னொரு ஆச்சரியம், அங்கே கடைத்தெருவில் எல்லோரும் வங்காளி பேசினார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களாம். சென்னையில் இறங்கினால் யார் உதடும் புரியாமல் எங்கள் பின்னால் ஒதுங்கி நிற்கிற தமயந்தி, இங்கே முன்னால் நடந்தாள். இளநீர்க்காரனோடு பேசினாள், குடிலுக்கு வாடகை பேசினாள், எங்களுக்கு வழி காட்டினாள். கல்கத்தாவிலிருந்து கடல் தாண்டி வந்து அவள் தன் ஊருக்கே வந்த மாதிரி இருந்தாள்.

முங்கக் கற்றுக்கொடுக்கிறவன் பெயர் நிதாய் மண்டல். அந்தத் தீவிலேயே பிறந்தவன். தென்னோலைக் கொட்டகையில் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். தமயந்திக்குக் காது கேட்காது என்றதும் அவன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். பிறகு அவள் முகத்துக்கு நேராக நின்று, தண்ணீருக்குள் பேச வேண்டிய சைகைகளைக் காட்டினான். எல்லாம் சரி. மேலே போவோம். கீழே போவோம். காது வலிக்கிறது. காற்று குறைகிறது. ஒரு தடவைதான் காட்டினான். அவள் அத்தனையையும் திருப்பிக் காட்டிவிட்டு, இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. என் பக்கம் திரும்பி, இவ்வளவுதானா, இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் சமாளித்தார்கள் என்று கையால் கேட்டாள். நான் அதை வாயால் சொன்னதும் நிதாய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"தீதி நாளைக்கே வரலாம். தாதா சரின்னு சொல்லிட்டா போதும்" என்றான்.

தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன். தாதா மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். தமயந்தி அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு நாள் கப்பலும், டாக்டரும், ஃபிரிட்ஜ் கதவுப் படமும் எல்லாம் அந்த ஒரு வாயில் வந்து நின்றன.

"நானும் கூட வரேன். என்னால ஆச்சுன்னா அவளும் போகட்டும்" என்றார்.

நீச்சல் தெரியாத மனிதர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிதாய், நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பிடித்துக்கொள்வோம் என்று, அவரைக் கரையோரத்தில் மார்பளவு தண்ணீரில் நிறுத்திப் பழக்கினான். வாயில் குழாயைக் கடித்து மூச்சுவிட வேண்டும். அது வந்துவிட்டது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடியை மாட்டிக் குனிய வேண்டும். குனிந்தவர் துள்ளி எழுந்தார். கண்ணாடிக்குள் மூக்குவரை தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடி குனிந்தார். மறுபடி தண்ணீர். வேறு கண்ணாடி மாற்றினார்கள். அதிலும் தண்ணீர். மீசையில் வாசலின் அப்பிப் பார்த்தார்கள். அப்போதும் நிற்கவில்லை.

நிதாய் தலையைச் சொறிந்தான். "தாதா, கண்ணாடி ரப்பர் தோல்ல ஒட்டணும். உங்களுக்கு அங்க தோலே இல்ல, மீசைதான் இருக்கு. கொஞ்சம் மீசைன்னா பரவாயில்ல. இது வழி விட்டுக்கிட்டே இருக்கு."

"அப்போ?"

"அதை எடுத்தா சரியாகும்."

இவர் கரையேறினார். ஈரத்தோடு மணலில் போய் உட்கார்ந்துகொண்டார். தமயந்திக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் நடந்து போன விதத்திலேயே பதிலைப் படித்துவிட்டாள். கையிலிருந்த கண்ணாடியைக் கழுவி, துடைத்து, நிதாயிடம் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் நான் அவரிடம் போய் உட்கார்ந்தேன். என் கைப்பெயருக்குத் தகுந்த மாதிரி பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குத் தண்ணி ஆகாது, சரி. அவளுக்கு என்ன? மீனாப் பொறக்க வேண்டியவ அவ. நிதாய் பார்த்துக்குவான்னு விட்டாத்தான் என்ன?"

"நீ பேசுவே."

"நான் பேசாம யார் பேசுறது?"

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மகேஸ்வரி, மேல இருக்கிறவரைக்கும் அவளுக்குக் காது நான். டிராம் வந்தா நான் சொல்வேன், யாராச்சும் கூப்பிட்டா நான் சொல்வேன். அங்க போனா எனக்கும் கேக்காது. அப்ப நான் அவளுக்கு எதுக்கு?"

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த மனிதர் இப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கடைத்தெருப் பக்கம் போனார். தினமும் காலையில் அங்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு வருவார். நானும் தமயந்தியும் குடில் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு காகிதத்தில் மரத்தை வரைந்துகொண்டிருந்தாள். நான் உளுந்த வடை கிடைக்காத தீவைத் திட்டிக்கொண்டே பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வருவதை முதலில் பார்த்தது தமயந்திதான். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மணலில் மெதுவாக நடந்து வந்தார். கிட்டே வந்ததும் முகம் தெரிந்தது. மீசை இல்லை.

தமயந்தியின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. எழுந்தாள். அவளுக்குக் கொஞ்சம் குரல் உண்டு, வெளியில் யார் முன்னாலும் பயன்படுத்த மாட்டாள், கேட்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூச்சம். அந்தக் குரலில், கடற்கரை முழுக்கக் கேட்கும்படி, "மா?" என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலுதட்டைக் கையால் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுகை மாதிரி இருந்ததோ என்னவோ, அவள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். ஹவுராவில் உட்கார்ந்த அதே உட்கார்தல். எனக்கு அப்போதுதான் சுரீரென்றது.

"ஐயோ, அம்மா போயிட்டாங்கன்னு நினைக்கிறா. துண்டை எடுங்க, மனுஷா, துண்டை எடுங்க" என்று ஓடினேன். நானே பிடித்து இழுத்தேன். தலையில் முடி முழுசாக இருந்தது.

அவருக்கு முகம் வெளுத்துப்போனது. தொப்பென்று அவள் எதிரில் முழங்காலிட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பாரு, முடி இருக்கு, பாரு. பிறகு மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினார். அம்மா. சாப்பிடுகிறாள். திட்டுகிறாள். நன்றாகத் திட்டுகிறாள். தமயந்தி மூச்சுவிடாமல் அந்தக் கைகளைப் பார்த்தாள். அப்புறம் எதற்கு இது என்று அவர் உதட்டைக் காட்டினாள். நான் என்று சொல்ல அவர் கை தானாக மீசையை முறுக்கப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. விரல் இரண்டும் காற்றில் நின்றன. பிறகு அவளைத் தொட்டார், கடலைக் காட்டினார், கண்ணாடி மாட்டுவது போல முகத்தில் கையை வைத்து அழுத்தினார்.

புரிந்ததும் அவள் அவர் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள். ஏரியில் நீந்துகிற கை, நன்றாகவே வலித்திருக்கும். அதன் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே அந்த வெறும் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

ஆனாலும் அவளுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. மூவரும் பூத்துக்குப் போனோம். நான் போனை எடுத்தேன், அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். மாமியார், ஊறுகாய் ஜாடியை மூடாமல் வைத்துவிட்டு வந்ததற்காக என்னைப் பிடித்தார் பாருங்கள். விட்டால்தானே. என் முகம் போன போக்கைப் பார்த்துத் தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீசை விஷயத்தை நான் போனில் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

மதியத்துக்கு முன்னால் படகு கிளம்பியது. நிதாய் இவரைப் பிடித்துக்கொண்டான், அவனுடைய கூட்டாளி தமயந்தியோடு. நான் படகுக்காரரோடு மேலே. கண்ணாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு தலையும் கீழே போயின. அதன் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்மேல் வந்து உடைகிற குமிழிகள்தான். கூப்பிடலாம், கேட்காது. குனிந்து பார்க்கலாம், தெரியாது. பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை, படகுக்காரர் பீடியோடு தூங்கிவிட்டார். அன்றைக்கு அந்தக் கடலில் காது கேட்காதவள் நான் ஒருத்திதான். திருச்செந்தூர் முருகனிலிருந்து காளிகாட் காளிவரை ஒருத்தரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

ஒருவழியாக மேலே வந்தார்கள். முதலில் வந்தது என் வீட்டுக்காரர் தலை. குழாயைத் துப்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னொரு தடவை போகலாமா?"

என்ன நடந்தது என்று நிதாய்தான் முதலில் சொன்னான். பாதி ஆழத்தில் தாதா கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். கண் பிதுங்கிவிட்டது, மேலே, மேலே என்று காட்டியிருக்கிறார். அவன் திருப்பி அழைத்துவரத் தயாரானபோது தீதி தன் துணையாளைக் கையமர்த்திவிட்டு எதிரே வந்தாளாம். தாதாவின் மணிக்கட்டைப் பிடித்தாளாம். இன்னொரு கையால் அவன் சொல்லிக்கொடுக்காத சைகையில் என்னென்னவோ கேட்டாள். தாதாவும் பதில் சொன்னார். மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னாள். ஊதினார். தன் மூச்சோடு சேர்ந்து மூச்சுவிடச் சொன்னாள். விட்டார். கொஞ்ச நேரத்தில் கயிற்றை விட்டார்.

"நான் எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கேன், பௌதி" என்று, அண்ணி முறை வைத்து என்னிடம் சொன்னான் நிதாய். "அடியில போய் இப்படிப் பேசிக்கிட்டே போன ரெண்டு பேரை நான் பார்த்ததில்ல. வம்பு பேசுறாங்க. மீனைக் காட்டிச் சிரிக்கிறாங்க. எங்களுக்கெல்லாம் அஞ்சாறு வார்த்தை. இவங்க வீட்டுக்கூடத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசிட்டு வராங்க."

பிறகு தமயந்தி சொன்னாள். படகு கரைக்குத் திரும்புகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஈரக் கூந்தலை ஒதுக்கக்கூட அவளுக்குக் கை ஓயவில்லை. விரல்களை மெல்ல அலையவிட்டாள், பாறையில் ஆடுகிற பவழம் எனக்குத் தெரிந்தது. பத்து விரலும் ஒரே நேரத்தில் திரும்பின, ஆயிரம் சின்ன மீன் திரும்பியது தெரிந்தது. ஒரு கையை இன்னொரு கைமேல் கவிழ்த்து, பெருவிரலைத் துடுப்பாகத் தள்ளி, ஓர் ஆமையை என் மடிவரை நீந்தவிட்டாள். உதட்டைக் குவித்துக் கன்னத்தை உப்பவைத்து, பாறையைக் கொறிக்கிற ஒரு பெரிய மீனைக் காட்டினாள். அது அப்படியே எங்கள் மாடிவீட்டுப் பத்மநாபன் சார். அதற்குத்தான் கீழே அண்ணனும் தங்கையும் சிரித்தார்களாம், சிரித்ததில் இவர் வாய்க்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டதாம். நிதாயும் அவன் கூட்டாளியும் துடுப்பை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தினமும் அதே கடலுக்குள் போய் வருகிறவர்கள், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவளை மாதிரி ஒருத்தி எனக்கு நாத்தனாராகக் கிடைத்தாளே என்று எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ எனக்கு ஒண்ணுமே தெரியல மகேஸ்வரி. அவதான் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தா" என்றார்.

ஒரு வாரம் கழித்துக் கிதிர்பூரில் வந்து இறங்கினோம். துறைமுக வாசலில் லாரியும் டிராமும் எப்போதும் போல ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. இவர் கை பழக்கத்தில் அவள் மணிக்கட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். தமயந்தி இருபக்கமும் பார்த்து, தானே தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று எங்களை வா என்று கூப்பிட்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தது மாமியார். மகன் முகத்தைப் பார்த்தார். அடுத்தபடி தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் இன்னும் இருக்கேன்டா" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உதட்டில் அப்போதுதான் கறுப்பாக அரும்பியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தமயந்தி முன்னால் வந்து நின்றாள். வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னாள். கண்ணாடிக்குள் வந்த தண்ணீர், கடைத்தெரு நாவிதன், மணலில் தான் விழுந்தது, கயிறு, ஆமை, பத்மநாபன் சார். மாமியார் கண் கொட்டாமல் அந்தக் கைகளைப் படித்தார். முடிந்ததும் மகன் பக்கம் திரும்பினார். இனி ஒரு மணி நேரம் விழும் என்று நானும் அனுராதாவும் ஒதுங்கிக்கொண்டோம்.

மாமியார் அவர் மேலுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"உங்கப்பாவுக்கு எடுத்தே. அவரு அதைப் பார்த்தாரா என்ன. இவளுக்கு எடுத்ததை இவ பார்த்தாள்ல" என்றார். "உள்ள வா, குளிச்சிட்டுச் சாப்பிடு."

வங்காளி வருஷப் பிறப்பு வருவதற்குள் மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. பழையபடி எண்ணெய், சீப்பு, முறுக்கு, ஆறிப்போன காபி. ரிக்‌ஷாக்காரர்களுக்கும் மறுபடி அடையாளம் தெரிந்தது. தமயந்தி மட்டும் அண்ணனைக் குறிக்க மீசையை முறுக்குவதில்லை. ஒரு விரலால் மேலுதட்டை ஒரு தடவை வழித்துக் காட்டுகிறாள். அதுதான் இப்போது அவர் பெயர்.

"மீசைதான் வந்துருச்சே, பழைய பேரையே சொல்லச் சொல்லு" என்று என்னிடம் முறையிடுகிறார். நானும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே முடியாது என்று தலையாட்டுகிறாள்.